கருத்தக்கண்ணன் கேட்ட பாட்டு

வாடிப்பட்டியில் ஷேக் தாவூதின் வாழைக்காய் கமிஷன் கடைக்கு ஒரு காலத்தில் போர்டே தேவைப்படவில்லை. கருத்தக்கண்ணன் ஏலம் கூறினால் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவர் இழுக்கிற இழுப்பில், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனும் ஒரு தாரைத் தோளில் போட்டுக்கொண்டு போவான். அந்தத் தொண்டையில் பாதிதான் ஏலத்துக்கு. மீதி ஊர் கபடிக் குழுவுக்கு. எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் கோட்டோரம் முதல் ஆளாக நின்று கத்துவார். களத்தில் ஏழு பேர், கருத்தக்கண்ணன் எட்டாவது ஆள் என்று ஊரில் சொல்வார்கள். கேலியாகச் சொன்னதையும் அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஆவணியில் அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரைக்குக் கூட்டிப் போய் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் போய்விட்டது. வாயருகே காதை வைத்தால் காற்று மாதிரி ஏதோ கேட்கும், அவ்வளவுதான். தாவூது பாய் தங்கமான மனிதர். "நீ தாருக்கு நம்பர் போடு மாப்ள, போதும்" என்று கூடவே வைத்துக்கொண்டார். ஏலம் கூற வேறு ஆள் வந்தான். அவன் கூற ஆரம்பித்தால் கருத்தக்கண்ணன் சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

தை நெருங்கியது. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் பொங்கல் விளையாட்டு. வெளியூர்க்காரன் அங்கே போய் ஜெயித்து வருவது லேசுப்பட்ட காரியமில்லை. போன வருடம் வாடிப்பட்டிக்காரர்கள் மூக்குடைபட்டுத் திரும்பிய இடம் அது. ஏலம் முடிந்த மத்தியானம், பாய் கடையில் தார்களுக்கு நடுவே ரசிகர் சபை கூடியது. யாரை இறக்குவது என்பதில் ஆறு பேரை டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். ஏழாவது ஆளில்தான் வந்தது வில்லங்கம்.

பாடிப் போகிறவன் "கபடி, கபடி" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே எதிராளியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். பாட்டு நின்றால் அவன் வெளியே. பாடிப் போவதில் முத்திருளனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் அவன் பாட்டு மெல்லிசு. போன வருடம் அங்கே பாட்டு நின்றுவிட்டது என்று நடுவர் அவனை இரண்டு தடவை வெளியே அனுப்பினார். "பாடிக்கிட்டுத்தாண்ணே இருந்தேன்" என்று வரும் வழியெல்லாம் சொன்னான், பாவம். ஒருவரும் நம்பவில்லை. "தோத்துட்டு நடுவர் மேல பழி போடாதடா" என்று வேன் அதிர அவன் வாயை அடைத்ததே கருத்தக்கண்ணன்தான்.

"மலைச்சாமியப் போடுவோம். ஆட்டம் சுமார்தான், ஆனா பாட்டு மைக்செட்டு கணக்கா இருக்கும்" என்றான் டீக்கடை விருமாண்டி. "முத்திருளன் இந்தத் தடவ உக்காரட்டும்."

"இப்ப உக்கார வச்சா அப்பறம் அவன் எந்திரிக்கவே மாட்டான்டா. ரோசக்காரன்" என்றார் பாய்.

எல்லாரும் கருத்தக்கண்ணனைப் பார்த்தார்கள். கடைசி வார்த்தை எப்போதும் அவருடையதுதான். அவர் பாயின் காதில் என்னவோ சொன்னார்.

"கண்ணன் என்ன சொல்றான்னா, இது அவசரத்துல முடிவு பண்ற காரியமில்ல, நாலையும் யோசிக்கணும், ஒரு ஆட்டக்காரனோட மனசு..."

"அவரு சொன்னது ஒரு வார்த்த, நீங்க ஒரு கூட்டமே பேசுறீகளே பாய்" என்றான் விருமாண்டி. அவர் சொன்னது "நாளைக்கு" என்பது மட்டும்தான்.

சாயங்காலம் வீட்டில் கருத்தக்கண்ணன் மனைவி முத்துத்தாய் மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டும்போது தனக்குத்தானே ஏதோ பாடினாள். சில மாதமாகவே அவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அருகில் போய்க் குனிந்து, "எப்ப இருந்து பாடுற?" என்று கேட்டார்.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து. நீங்க வாய மூடுனாத்தான கேக்கும்" என்று சிரித்தவள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாவுக் கையோடு அவர் தொண்டைத் தழும்பைத் தொட்டு, "தெரியாமச் சொல்லிட்டேன்" என்றாள்.

அவருக்குக் கோபமில்லை. அவர் நினைப்பு வேறெங்கோ போயிருந்தது. போன வருடம் கொட்டாம்பட்டிக் கூட்டம் நின்றது களத்துக்கு எதிர்ப் பக்கம். நடுவரின் முதுகுக்குப் பின்னால், "விடாதடா முத்திருளா" என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு நின்றது யார்?

மறுநாள் கடையில் பாயின் காதில் வெகுநேரம் பேசினார். பாய் இந்தத் தடவை ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. "போன வருசம் முத்திருளன் பாட்ட நிறுத்தலையாம். இவன் கத்துன கத்துல நடுவருக்குக் கேக்கலையாம். அவனையே போடணும்ங்கிறான். அவன் பாடிப் போகையில நம்மாளுக ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதாம்."

"கத்தக் கூடாதுன்னா அம்புட்டுத் தூரம் எதுக்குப் போறது? இங்கனயே படுத்துக்கிறலாமே" என்றான் விருமாண்டி. நியாயமான கேள்விதான். கருத்தக்கண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். துண்டு மேலே இருந்தால் வாய் மூடியிருக்க வேண்டும், இறங்கினால் கத்தலாம். அந்த ஆள் அப்படி நிற்பதைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் ஆட்டம். முத்திருளன் கோட்டைத் தாண்டினான், துண்டு மேலே போனது. விருமாண்டி தன் துண்டை வாயிலேயே திணித்துக்கொண்டான். வந்தவர்கள் வாயடைத்து நிற்பதைப் பார்த்து, இதென்ன புதுத் தந்திரமோ என்று உள்ளூர்க் கூட்டமும் திகைத்து அடங்கியது. அப்போது கேட்டது அந்தப் பாட்டு. சின்னக் குரல், ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி ஒரே சீராக, எங்கேயும் அறுபடாமல். அவன் மீசை முளைக்காத காலத்திலிருந்து அவனுக்காகக் கத்தியவர், அவன் குரலை அன்றைக்குத்தான் கேட்டார். துண்டு பிடித்த கை போக, கண்ணைத் துடைக்க இன்னொரு கை இருந்தது நல்லதாயிற்று.

ஆட்டத்தில் வாடிப்பட்டி தோற்றது. மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் பாட்டு நின்றுவிட்டது என்று முத்திருளனை ஒரு தடவைகூட யாரும் வெளியே அனுப்பவில்லை.

திரும்பும்போது வேனில் முத்திருளன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கடையில் நடந்த பேச்சு அவன் காதுக்கும் போயிருக்கும். ஆனாலும் அன்றைக்கு ஏசிய வாயே சொல்ல வேண்டாமா?

"இன்னைக்காவது கேட்டுச்சாண்ணே?"

கருத்தக்கண்ணன் அவன் கழுத்தை வளைத்து, காதைத் தன் வாயருகே இழுத்தார்.

"போன வருசமும் பாடிக்கிட்டுத்தாண்டா இருந்த."

முன்சீட்டிலிருந்து பாய் பழக்கத்தில் திரும்பி, "என்னடா சொல்றான்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல பாய்" என்ற முத்திருளன், கருத்தக்கண்ணனின் துண்டை வாங்கி முகத்தில் போட்டுக்கொண்டான். மேலூர் தாண்டும் வரை அதை எடுக்கவில்லை.