பந்தியில் உட்கார்ந்தவளை எழுப்பாத டீம்

என் தங்கை அந்த ஒரு வருஷத்தில் ஏழு தடவை வெளியூர் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஏழு தடவையும் அவளுக்குத் துணையாகப் போய், அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

காஞ்சிபுரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தவளைப் பாஸ்கெட்பால் டீமில் சேர்த்திருந்தார்கள். டீம் என்றால் பத்துப் பேர். ஆடுவது ஐந்து பேர். மிச்சம் ஐந்து பேர் மைதானத்து ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிறவள் களைத்துப்போனால் அவளை வெளியே கூப்பிட்டுக்கொண்டு பெஞ்சிலிருந்து ஒருத்தியை உள்ளே அனுப்புவது என்பது ஆட்டத்தில் உள்ள ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் எங்கள் கல்லூரி முதல் பாதியை மட்டும் கடைப்பிடித்தது. எங்கள் பெண்கள் தவறாமல் களைத்துப்போனார்கள்.

வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். தறியை விட்டு அவரால் வர முடியாது. சின்ன காஞ்சிபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த நான் ஒரு நாள் கடையைப் பூட்டினால் உலகம் நின்றுவிடாது என்பது அவர் கருத்து. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கல்லூரி வண்டியில் ஏறியது இப்படித்தான். எனக்குச் சுபாவமாகவே பயம் ஜாஸ்தி. வண்டி புறப்படும்போது பத்துத் தலைகளை எண்ணுவேன். வேலூர் போகிற அன்று முசரவாக்கம் தாண்டுவதற்குள் இன்னொரு தடவை எண்ணினேன். பத்து சரியாக இருந்தது. ஒருத்தியை இரண்டு தடவை எண்ணிவிட்டேனோ என்று அதன் பிறகு தொடங்கிய கவலை வேலூர் வரை வந்தது.

உட்கார்ந்துவிட்டு வந்தால் வரட்டுமே, கால் வலியாவது மிச்சம் என்று விட்டிருக்கலாம். ஆனால் தங்கைக்கு டிரில் டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. அந்த டிரெயினிங்கில் இடம் வேண்டுமென்றால் கல்லூரி டீமில் போட்டி ஆடியதாக சர்டிபிகேட் கேட்டார்கள். இடம் கிடைக்காவிட்டால் படித்தது போதும், வீட்டில் தார் சுற்றட்டும் என்று அப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார். தார் சுற்றுவது என்றால் நெய்வதற்கான ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பது. காலை முதல் சாயங்காலம் வரை ஒரே இடத்தில் உட்கார வேண்டிய வேலை. கல்லூரி அதற்கு நல்ல பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது.

சர்டிபிகேட்டைப் பற்றி விசாரிக்கக் கல்லூரி ஆபீசுக்குப் போனேன். கிளார்க் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்.

"உள்ள எறங்கி ஆடுனவங்க பேருக்கு நேரா ஸ்கோர் ஷீட்டுல ஒரு இன்ட்டு மார்க் போடுவாங்கபா. அந்த மார்க் இருந்தாத்தான் சர்டிபிகேட்டு."

"அவளும் டீம்ல இருக்குறா இல்ல சார்? எல்லா ஊருக்கும் வந்துக்கினுதான இருக்குறா?"

"வந்தா? ஒக்காந்ததுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுக்கணும்னா மொதல்ல எனக்குக் குடுக்கட்டும். பதினஞ்சு வருஷமா இந்த நாற்காலியிலதான் இருக்கேன்."

ஆக, ஒரு இன்ட்டு மார்க். பென்சிலில் இரண்டு கோடு. அதற்கு அவள் ஒரு நிமிஷம் உள்ளே போனால் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்குக் குறுக்கே நின்றவர் டீமுக்குப் பொறுப்பான அம்மா.

அவர் மனையியல் விரிவுரையாளர். விளையாட்டுச் சாமான் அறையின் சாவியும் மனையியல் அறையின் சாவியும் ஒரே வளையத்தில் இருந்தன. வளையம் அவரிடம் இருந்தது. ஆகவே பாஸ்கெட்பாலும் அவரிடம் போய்ச் சேர்ந்தது. நல்ல மனுஷி. எந்த ஊருக்குப் போனாலும் எனக்கும் சேர்த்துப் புளிசாதம் கட்டிக்கொண்டு வருவார். இலை எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், எதற்குப் பிறகு எதைப் பரிமாற வேண்டும் என்று கல்லூரியில் பாடம் எடுப்பவர். அந்தப் பாடம் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அதை எங்கே வேண்டுமானாலும் நடத்துவார்.

முதல் மேட்ச் தோற்றுத் திரும்பும்போது மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "அம்மா, அந்த டீம்ல ஒவ்வொருத்தரா மாத்திக்கினே இருந்தாங்க. நம்ம பொண்ணுங்களுக்கு நாக்கு தள்ளிடுச்சு. நாமளும் ஒருத்தர ரெண்டு பேர மாத்தியிருந்தா..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் யாருடைய இலையிலிருந்தோ அப்பளத்தை எடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

"ஏம்ப்பா, பந்தியில ஒக்காந்தவள பாதியில எழுப்புவாளா? இன்னொருத்தி பசியோட நிக்கறாங்கறதுக்காக, சாப்பிட்டுண்டு இருக்கறவள எழுந்திரும்மான்னு சொல்ல முடியுமோ?"

"இது விளையாட்டுதானம்மா."

"மரியாதை எல்லா எடத்துலயும் ஒண்ணுதான். அவா அவா பொண்ணுகள அவாளே அஞ்சு தடவை எழுப்பி அவமானப்படுத்தினா. நாம அப்படியா வளந்திருக்கோம்?"

அதை அவர் அறிக்கையிலும் எழுதினார். எதிர் அணியினர் வெற்றி பெற்றனர், ஆயினும் பண்பில் நாமே முந்தினோம் என்று. அந்த வருஷம் முழுக்க நாங்கள் பண்பில் முந்திக்கொண்டே இருந்தோம்.

முதல் பந்தியில் யார் உட்காருவது என்பதிலும் சிக்கல் இல்லை. மூத்தவர்கள் முதலில். கடைசி வருஷம் படிக்கும் ஐந்து பேர் உள்ளே. மற்றவர்கள் பெஞ்சில், அங்கேயும் வயது வரிசையில். பி.யு.சி. படிக்கும் என் தங்கை பெஞ்சின் கடைசி ஓரத்தில், பாதி உடம்பு காற்றில் இருக்க உட்கார்ந்திருப்பாள். முதல் பாதி ஆட்டத்தில் எங்கள் ஐந்து பேரும் பிரமாதமாக ஆடுவார்கள். இரண்டாவது பாதியில் துருத்தி மாதிரி மூச்சு விடுவார்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் பந்தைத் துரத்துவதை விட்டுவிட்டு அது போகிற திசையை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நிற்பார்கள். களைப்புத் தீரக் கொடுத்த வெல்லத்தண்ணீர் போதவில்லை என்று அந்த அம்மா அடுத்த மேட்சுக்கு இன்னொரு செம்பு கொண்டுவருவார்.

இதில் கொடுமை என்னவென்றால், பெஞ்சில் இருந்தவர்கள் நன்றாக ஆடக்கூடியவர்கள். தினம் சாயங்காலம் அந்த மூத்த ஐந்து பேரை எதிர்த்து ஆடிப் பழகியவர்கள். மூத்தவர்கள் களைத்துப்போய் நிழலுக்குப் போன பிறகும் மணி அடிக்கும் வரை தங்களுக்குள் ஆடுவார்கள். தங்கைக்கு அதுவும் போதாது. கடைக்குப் பின்சுவரில் சின்னப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் ரிம் ஒன்றைக் கம்பியை எல்லாம் கழற்றிவிட்டு மாட்டிக் கொடுத்தேன். கல்லூரிப் பந்து பஞ்சராகி என்னிடம் வந்தால் ஒட்டிய இடம் காய இரண்டு நாள் ஆகும் என்று சொல்லி அனுப்புவேன். சொல்யூஷன் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். மீதி நேரமெல்லாம் பந்து ரிம்முக்குள் போய் வந்துகொண்டிருக்கும். அந்தப் பொய்க்கும் ஒரு தனிக் கவலை வைத்திருந்தேன்.

ஐந்தாவது மேட்சும் தோற்ற பிறகு வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய் ஒரு வேண்டுதல் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. மூத்தவர்களில் யாராவது ஒருத்திக்கு லேசாகக் கால் சுளுக்க வேண்டும். எலும்பு முறியக் கூடாது, மாவுக்கட்டு கூடாது, கல்யாணத்துக்குத் தடையாக எதுவும் ஆகக் கூடாது, இரண்டு நாளில் சரியாகிவிட வேண்டும். இத்தனை நிபந்தனைகளையும் சொல்லி முடித்தபோது பட்டர் தீபாராதனையை முடித்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

ஆறாவது மேட்சில் மூன்றாம் நம்பர் பெண்ணுக்கு உண்மையாகவே கால் பிசகியது. அவள் நொண்டுவதைப் பார்த்து நான் அழுததை, பாவம் எவ்வளவு இளகிய மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்த அம்மாவோ அசையவில்லை.

"சாப்பிடறச்சே விக்கல் எடுத்தா தண்ணி குடுப்போம். எழுப்பிடுவோமா?" என்று வெல்லத்தண்ணீரை உள்ளே அனுப்பினார். மூன்றாம் நம்பர் நொண்டிக்கொண்டே ஆடி முடித்தாள்.

கடைசி மேட்ச் மெட்ராசில். அதற்குப் பிறகு பரீட்சை வந்துவிடும். தங்கைக்கு வேறு வாய்ப்பு கிடையாது. மாசி மாத வெயில். வழியில் வண்டி நின்றுபோய், பாதித் தூரம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம். ஆட்டம் தொடங்கும்போதே மூத்தவர்கள் ஐந்து பேரும் முடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

இரண்டாவது பாதியில் மூன்றாம் நம்பர், நிற்க முடியாமல் எதிர் டீம் பெண்மீது சாய்ந்தாள். அது அவளுடைய ஐந்தாவது ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போய்விட வேண்டும் என்பது சட்டம். ரெஃப்ரி கையைக் காட்டினார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"எழுப்பினது அவர். பாவம் அவரோட போகட்டும்," என்றார் நிம்மதியாக. பெஞ்சிலிருந்து முதல் பெண் உள்ளே போனாள்.

மூன்றாம் நம்பர் பெஞ்சில் வந்து உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். ஒரு செம்பு தண்ணீரை முழுசாகக் குடித்தாள். பிறகு உள்ளே ஓடிக்கொண்டிருந்த தோழியைப் பார்த்து, "ஏய், இங்க நல்லா காத்து வருதுடி," என்றாள்.

அது போதுமானதாக இருந்தது. மரியாதை கெடாமல் வெளியே வர ஒரு வழி உண்டு என்று அந்த வருஷத்தில் முதல் தடவையாக அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி எதிராளியின் தோளைப் பிடித்துத் தொங்கினாள். இன்னொருத்தி பந்து இல்லாதவளைத் தள்ளிவிட்டு, ரெஃப்ரி பார்த்தாரா என்று திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை என்றதும் மறுபடியும் தள்ளினாள். விசில் ஓயவில்லை. மூத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வர, பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். போனவர்கள் வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த மூச்சோடு ஓடினார்கள். பின்தங்கியிருந்த நாங்கள் எட்டிப் பிடித்தோம். பிறகு இரண்டு புள்ளி முந்தினோம். அந்த அம்மா கையில் செம்போடு திகைத்து நின்றார்.

நான்கு பேர் வெளியே வந்தாயிற்று. உள்ளே இருந்த ஒரே மூத்தவள் கேப்டன். பெஞ்சில் மிச்சம் என் தங்கை ஒருத்தி. கேப்டனுக்கு நான்கு ஃபவுல். ஆனால் அவள் மானஸ்தி. மற்றவர்களைப் போல வேண்டுமென்று தொங்குகிறவள் இல்லை. இரண்டு நிமிஷம் இருந்தது.

நான் அந்த அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, நீங்க எழுப்ப வேணாம். சாப்ட்டு முடிச்சவங்க தானா எழுந்துக்கலாம் இல்லையா? கேப்டனையே ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

"மத்தவா இலையில சாதம் இருக்கறச்சே ஒருத்தி மட்டும் எழுந்திருந்தா நன்னாவா இருக்கும்?"

"எங்க வீட்டு இலையில இன்னும் எதுவுமே விழலியேம்மா."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. அப்போது விசில் கேட்டது. கேப்டன் ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். எதிர் டீம் பெண் கீழே கிடந்தாள். கேப்டன் அதை வேண்டுமென்று செய்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வரும்போது தங்கையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போடி," என்றாள். அவ்வளவுதான்.

தங்கை உள்ளே ஓடினாள். நான் ஸ்கோர் எழுதுகிற மேஜைக்கு ஓடினேன்.

அங்கே ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அத்தனை ஃபவுலையும் எழுதி எழுதி அவருடைய பென்சில் முனை அப்போதுதான் முறிந்திருந்தது. பிளேடை எடுத்துப் பொறுமையாகச் சீவிக்கொண்டிருந்தார்.

"சார், பத்தாம் நம்பர் உள்ள போயிருக்குது சார்."

"பாத்தேன்பா."

"இன்ட்டு மார்க் போடலியே சார்."

"பென்சில சீவ உடுவியா, மாட்டியா?"

சீவினார். முனையை ஊதினார். சரியில்லை என்று மறுபடியும் சீவினார். பின்னால் கூச்சல், ஓடும் சத்தம், கைதட்டல். நான் அந்தக் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் பத்தாம் நம்பருக்கு நேராக ஒரு கோடு போட்டார். அதன்மேல் இன்னொரு கோடு போட்டார்.

"கொஞ்சம் அழுத்தமா போடுங்க சார்."

"ஷீட்டு கிழிஞ்சா நீ ஒட்டித் தருவியா?" என்றார். நீளமாக விசில் ஊதி ஆட்டம் முடிந்தது.

அந்த வருஷம் நாங்கள் ஜெயித்த ஒரே மேட்ச் அது. பத்துப் பேரும் ஆடியதால் ஜெயித்தோம் என்று சொல்ல எங்கள் கல்லூரியில் ஆள் இல்லை. வெல்லத்தண்ணீர் கடைசியில் பலன் கொடுத்தது என்றும், ரெஃப்ரி மட்டும் நம் பெண்களைப் பந்தியிலிருந்து எழுப்பியது வருந்தத்தக்கது என்றும் அறிக்கை எழுதப்பட்டது. அடுத்த வருஷமும் ஐந்து பேர் மட்டுமே ஆடி, பண்பில் முந்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். சர்டிபிகேட் பரீட்சை முடிந்ததும் வந்தது. டிரெயினிங்கில் இடமும் கிடைத்தது. அப்பா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அச்சு நல்லா இருக்குது என்றார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்குத் திரும்பி வரும்போது தங்கை என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் மண்.

"ண்ணா, நான் ஆடுனத பாத்தியா?"

"பாத்தேம்மா."

"அந்த ஓரத்துலருந்து ஒன்னு போட்டேனே?"

"ஷோக்கா போட்ட."

"உள்ள போனது பாத்தியா?"

"பாக்காம? அப்படியே வழுக்கிக்கினு போச்சு. கை தட்டுனேனே."

அவள் முகத்து மண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

"அது வளையத்து மேலகூட படலண்ணா," என்றாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகு அவளாகவே முழங்கையால் இடித்தாள்.

"மார்க்கு போட்டாரா?"

"போட்டாரு. ரெண்டு கோடும் போட்டாரு. அத பாத்தேன்."

"சரி உடு," என்று என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.