பொற்கொடி அக்காவின் மஞ்சள் அம்பு

சூளகிரித் தொழிற்சாலை வேலையை விட்டு நான் கிளம்பிய வெள்ளிக்கிழமை காலை, அலுவலக ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை பனியில் கரைந்திருந்தது. பக்கத்து இருக்கையில் பொற்கொடி அக்கா மவுஸை வட்டமாகச் சுற்றி, வெள்ளைத் திரையில் அம்பைத் தேடிக்கொண்டிருந்தார். பார்வை மங்கியது தெரிந்தால் கணினியை விட்டு எழுப்பி பேக்கிங் பிரிவில் நிற்க வைத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

"என்னக்கா, மாவாட்டறீங்களா?"

"சிரி, சிரி. அம்பு எங்கயோ மேயப் போயிருச்சு கண்ணு."

செட்டிங்ஸில் அம்பைப் பெரிதாக்கி மஞ்சளாக்கினேன். பனிக்குள் வழிதவறி வந்த வண்ணத்துப்பூச்சிபோல் அது மிதந்தது. அக்கா வேலையை மறந்து அதன் பின்னாலேயே போனார். பிறகு, அடுத்த ஷிஃப்டில் அதே கணினியில் உட்காரும் முனிவேலுக்குத் தெரியக்கூடாதென்று, அதைப் பழையபடி சின்னதாக்கவும் கற்றுக்கொண்டார்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றினேன். எங்கே பனியைக் கண்டாலும் அதற்குள் அந்த மஞ்சள் மிதந்தது. அக்கா இந்நேரம் அதை ஒளித்துவைத்துக்கொண்டிருப்பார் என்று நினைப்பேன்.

திரும்பி வந்த வாரம் அவருடைய செய்தி வந்தது: "நேத்து சின்னதாக்க மறந்துட்டேன் கண்ணு. காலையில பயந்துட்டேதான் வந்தேன். முனிவேல் அண்ணன் இன்னும் ஒரு சைஸ் பெருசாக்கி வெச்சிருக்காரு."