உதடு பார்க்கும் பக்கம்

கியர் ஆயிலுக்கு ஒரு நாற்றம் உண்டு. கந்தகமும் அழுகிய வெங்காயமும் கலந்த மாதிரி, மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் திருவேங்கடம் சாலையில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி, எண்ணெயெல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டுச் சாய்ந்து கிடந்தது. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் இழுத்தேன். இழுக்க இழுக்க எனக்கு ஒன்பது வயது. காதுக்குள் தறிச் சத்தம்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு வண்டி இருந்தது. பட்டாளத்தில் ஓடிக் களைத்து ஏலத்தில் வந்த சின்ன லாரி. நாலு சக்கரமும் இழுக்கும். ஐப்பசி மழையில் கரிசல் களியாகி, மாட்டுவண்டிகள் அச்சுவரை புதைந்து நிற்கும்போது அது மட்டும் பருத்திப் பொதிகளைச் சுமந்துகொண்டு உறுமி உறுமி வெளியே வரும். அப்பா ஓட்டுவார். பெரியப்பா பழுது பார்ப்பார். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைத்ததில்லை.

அப்புறம் அப்பா தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனிக்கு டிரைவராகப் போக முடிவு செய்தார். அதில் பெரியப்பாவுக்குக் கோபமில்லை. அந்தச் செய்தி தமக்கு டீக்கடையில், யாரோ வடையைப் பிய்த்தபடி சொல்லித் தெரிந்ததே, அதில்தான். அன்றோடு பேச்சு நின்றது. நேராகப் பேசுவதுதான் நின்றது, நான் இருந்தேனே. "ஏட்டி, ஒங்கப்பன்ட்ட சொல்லு" என்று ஒரு பக்கம். "பெரியப்பாட்ட சொல்லிரு" என்று இன்னொரு பக்கம். ஒரே வளவு, இரண்டு வாசல், நடுவில் ஓடுகிற ஒரு பாவாடை.

நான் நேர்மையான தபால்காரி இல்லை. வசவுகளை வழியிலேயே உதிர்த்துவிடுவேன். 'கூறுகெட்ட பய' என்று புறப்பட்டது அப்பாவிடம் சேரும்போது வெறும் 'நீ' ஆகியிருக்கும். என்னால்தான் வளவில் அடிதடி இல்லை என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முந்தின நாள் அப்பா வண்டியின் இடது முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற ஆக்ஸில் சீல் தேய்ந்து, எண்ணெய் கசிந்து, பிரேக்கை நனைத்துக்கொண்டிருந்தது. மிதித்தால் வண்டி வலப்பக்கமாக இழுத்தது. வலதுபக்கத்து சீலைப் பெரியப்பா முன்னமே மாற்றியிருந்தார். இடதுபக்கம் வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. ஒழுகுகிற வண்டியை அண்ணன் தலையில் கட்டிவிட்டுப் போனதாக இருக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக அப்பா ஸ்பேனரை எடுத்தார்.

சக்கரம், டிரம் எல்லாம் கழன்று வந்தன. அச்சை உருவியபோது எண்ணெய் குபுக்கென்று மண்ணில் விழுந்தது. அந்த நாற்றம் அப்போதுதான் எனக்குள் குடியேறியது. பழைய சீல் மட்டும் வரவில்லை. உளி வைத்துத் தட்டித் தட்டித் துண்டு துண்டாகத்தான் எடுத்தார். அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதும் துண்டுகளோடு போயிற்று.

புது சீல் ஒரு கறுப்பு வளையல் மாதிரி இருந்தது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். இருபதடி தள்ளி வாகை மரத்தடியில், கழற்றிப் போட்ட டயர்மேல், முதுகைக் காட்டிக்கொண்டு பெரியப்பா. பக்கத்து ஷெட்டில் பத்துப் பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடின. கத்தினாலும் கேட்காது. கேட்டிருக்கலாம். அன்று மட்டும் கரண்ட் போயிருக்கக் கூடாதா?

"இது எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்னு பெரியப்பாட்ட கேட்டுட்டு வா."

மூன்று மாதத்தில் அப்பா அனுப்பிய முதல் கேள்வி அது. அதுவரை அறிவிப்புகள்தான் போய்க்கொண்டிருந்தன.

பெரியப்பா திரும்பவில்லை. வாய்க்குப் போன பீடி மட்டும் பாதியில் நின்றது. "ஒதடு உள்ள பாத்து இருக்கணும்னு சொல்லு. ஊரெல்லாம் சொல்லிட்டு வீட்டுல சொல்லாதவனுக்கு அது எங்க தெரியப்போவுதுன்னும் சொல்லு."

இரும்புச் சாமானுக்கு உதடு உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்? வளையலின் உள்விளிம்பில் மெல்லிசாக ஒரு ரப்பர் மடிப்பு இருக்கும், அதற்குத்தான் அந்தப் பெயர், அது எண்ணெயைப் பார்த்து இருந்தால்தான் எண்ணெய் நிற்கும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு உதடு என்றால் வாய். வாயை அடக்கு என்கிறார். முழுக்க வசவு. வழக்கம்போல இருபதடிக்குள் அத்தனையையும் உதிர்த்தேன். ஆனால் அப்பா பதிலுக்குக் காத்திருந்தார். வெறுங்கையோடு எப்படிப் போவது?

"ஒனக்குத் தெரியாததா, ஒன் இஷ்டப்படி வையின்னு சொன்னாவ."

"அண்ணனா? அப்படியா சொன்னாவ?"

அப்பா முழங்கையால் முகத்தைத் துடைத்தார். கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. பிறகு அந்த மடிப்பு வெளியே பார்க்கும்படி வைத்து, மரக்கட்டையால் மெள்ள மெள்ளத் தட்டினார், குழந்தையை உறங்கவைக்கிற மாதிரி.

அடுத்த மழையில் கரிவலம்வந்தநல்லூர் திருப்பத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி ஓடைக்குள் இறங்கியது. பெரியப்பாவுக்குக் காயமில்லை. சக்கரத்தைத் தாமே பிரித்துப் பார்த்திருக்கிறார். சீலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். 'நான் சொல்லி அனுப்பியும், வேணும்னே திருப்பி வச்சிட்டுப் போயிருக்கான்' என்றாராம். அதற்குப் பிறகு வந்த அப்பாவின் கடிதங்கள் பிரிக்கப்படாமல் கம்பியில் குத்தப்பட்டுத் தொங்கின. பெரியப்பாவின் பதினாறாம் நாளில் பெரியம்மாதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். கம்பியையும் காட்டினார்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. என்னோடுதான் இருக்கிறார். அண்ணன் ஏன் ஒரு பதிலும் போடவில்லை என்று அவருக்கு இன்னும் தெரியாது. "ஒனக்குத் தெரியாததான்னு சொன்னாவளே எங்கண்ணன்" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அண்ணனிடமிருந்து அவருக்கு மிச்சமாய் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அதுவும் என்னுடையது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அன்றும் சொல்லிவிட வாயெடுத்தேன். உதட்டை உள்ளே பார்த்துத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் புறப்பட்ட அன்று அதே வண்டியில்தான் எங்கள் பெட்டிகள் ஸ்டேஷனுக்கு வந்தன. பெரியப்பாதான் ஓட்டினார். பிளாட்பாரத்தில் தறிச் சத்தம் இல்லை. ஒருவர் மூச்சுவிடுவது மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் இருவரும் நின்றார்கள், நடுவில் நான். வாய் இருக்கிறது, காது இருக்கிறது, இன்னும் எதற்கு நான் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. விருதுநகர் ரயில் வந்து நின்றது. பெரியப்பா தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"ஏட்டி, போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடச் சொல்லு."

நான் அப்பா பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்:

"போடுதேன்னு சொல்லு."