ஆறு நாள் ஓடிய படத்தில் அவள் குரல்

அந்த அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புரூஃப்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தெட்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் பிழைகளைத் தேடிப் பிடித்தவர். மருந்துச் சீட்டோ பால் கவரோ, கையில் எது கிடைத்தாலும் ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், வாழ்த்துவதற்கு முன்னால் அதிலிருக்கும் பிழையைச் சொல்வார். அதனாலேயே பலர் அவருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

அவருடைய மனைவிக்கும் அதே அச்சகத்தில்தான் வேலை. எழுத்தாளர் கொடுத்த மூலப் பிரதியை அவள் உரக்கப் படிப்பாள். அச்சான தாளை விரலால் தொட்டுக்கொண்டே இவர் சரிபார்ப்பார். மற்ற ஜோடிகள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் இவர்கள் மூன்று பக்கம் முடித்திருப்பார்கள். அவள் வாய் அப்படி. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி என்று எல்லாவற்றையும் சேர்த்து மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுவாள். இருபத்தாறு வருஷம் ஒரே மேஜை. அவள் படிக்கும்போது இவர் ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. பார்த்தால் வரி தவறிவிடுமே.

ஒரு நாள் சுவரொட்டி அடிக்க வந்த படக் கம்பெனி மேனேஜர், அவள் ஒரு வக்கீல் நோட்டீசைப் படித்த வேகத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். அவர்கள் படத்தின் கதாநாயகி மொழி தெரியாதவள். வசனமோ மலை மலையாக. கதைப்படி, பணக்காரப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு முந்தின நாள் ஐஸ் லாரியில் ஏறி ஓடிவிடுகிறாள். அவளை ஆட்டுத் திருடி என்று நினைத்து ஒரு மாட்டு டாக்டர் துரத்துகிறார். இரண்டு மணி நேரம் சண்டை போட்டே இருவரும் காதலிக்கிறார்கள். அந்த வாயாடிக்கு இவள் குரல் கொடுத்தாள். மொத்தம் ஒன்பது நாள் வேலை.

படத்தின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. ஆறே நாளில் மண்ணைக் கவ்வியது. அந்த ஆறு நாளும் இவருக்கு ஆண்டு மலர் வேலை தலைக்கு மேல் இருந்தது. அடுத்த வாரம் போகலாம் என்றார். அடுத்த வாரம் படமே இல்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் கேட்கிற குரல்தானே என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தை எடுத்தாள். கோபித்துக்கொண்டிருக்கலாம். எனக்கே கோபம் வருகிறது.

சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது. புகைப்படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. குரல் எதிலும் இல்லை. கல்யாண வீடியோவில்கூட மேலே பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையின் புரூஃப் அவர் மேஜைக்கு வந்தது. அந்தக் காலத்தில் யாரும் சீண்டாத ஓர் அருமையான நகைச்சுவைப் படம் இப்போது டிஸ்க்காக வந்திருக்கிறது என்று ஒருவர் ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதியிருந்தார். கதையைப் படித்ததும் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று அந்தப் பக்கத்தில் மூன்று பிழைகள் தப்பித்து அச்சாகின.

டிஸ்க்கை வாங்கி வந்து, சாப்பாட்டைக்கூட மறந்து, நடுப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டார். லாரியிலிருந்து குதித்த பெண் வாயைத் திறந்து பொரிய ஆரம்பித்ததும் இவர் உடைந்துபோனார். அழுதார், பிறகு வசனத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார், மறுபடியும் அழுதார். அடுத்த பத்து நாளும் அதே படம்தான். மாடிவீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, திரையைக் காட்டி, பேசுவது என் மனைவி என்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாக அந்தத் தெரு பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினியை வரச் சொன்னார். மனைவிக்கு ஒரே தங்கை. பத்து நிமிஷம் பார்த்த பிறகு அவள் முகம் வாடிவிட்டது.

"அத்தான், இது அக்கா குரல் இல்ல."

இவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தாறு வருஷம் கேட்டவனுக்குத் தெரியாதா என்று சத்தம் போட்டார். அவள் டிஸ்க் உறையைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள். பின்பக்கம், கீழே, பொடி எழுத்தில் இருந்தது. பழைய ஒலி கெட்டுப்போனதால் வசனங்கள் புதிய கலைஞர்களைக் கொண்டு மறுபடியும் பதிவு செய்யப்பட்டுள்ளன. பால் கவரையும் விடாதவர், பத்து நாளாகக் கையில் வைத்திருந்த இதைப் படிக்கவில்லை. படிக்கத் தோன்றவில்லை.

அவமானத்தில் அவர் அந்த வரியையே விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். டிவியில் ஒரே ஒரு தடவை அந்தப் படத்தைப் போட்டபோது தன் வீட்டுக்காரர் வீடியோ டேப்பில் பிடித்து வைத்தார் என்று மச்சினிதான் மெல்லச் சொன்னாள். அதுவும் பழைய பிளேயரும் அவள் வீட்டுப் பரணில் இத்தனை வருஷம் மறந்தே கிடந்தன. கையோடு அவரை அழைத்துப் போனாள்.

படம் கோடு கோடாக ஓடியது. முகங்கள் சரியாகத் தெரியவில்லை. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. கொஞ்சம் கனத்த, லேசாக மூக்கால் பேசுகிற குரல். முதல் வார்த்தையிலேயே மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவர் முன்னால் சாய்ந்து, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தார். ஏதோ ஒரு வார்த்தையில் பிடிபட்டுவிடும் என்று நினைத்தார். படம் முடியும்வரை பிடிபடவில்லை. அவ்வளவு வருஷமும் அவள் படித்ததைத்தான் கேட்டிருக்கிறார், அவளைக் கேட்கவில்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனிதர் கூனிக் குறுகிப் போனார்.

அழுதுவிடுங்கள் அத்தான், பாரம் குறையும் என்றாள் மச்சினி.

"அழுகை வரலம்மா. யாரோ பேசற மாதிரி இருக்கு" என்றார். பிறகு சொன்னார்: "ஆஸ்பத்திரில உங்க அக்கா கடைசியா, கண்ணாடியக் கழட்டிட்டுத் தூங்குங்கன்னு சொன்னா. அத இப்ப நெனச்சுப் பாத்தேன். அந்த டிஸ்க்குல பேசற பொண்ணு சொல்ற மாதிரிதான் கேக்குது."

மச்சினி எழுந்துபோய் டேப்பை முதலிலிருந்து போட்டாள்.