ஹல்டாவின் ரொட்டிக் கடை

ஓஹியோ ஆற்றின் வடகரையில், இண்டியானா பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ரொட்டிக் கடை வைத்திருந்தாள் ஹல்டா வின்ஸ்லோ. அடிமைமுறையை எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபைக்காரி. அடிமைகள் விளைவித்த சர்க்கரை அவள் அடுப்படிக்குள் நுழையாது. பருத்தித் துணி உடம்பில் ஏறாது. மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சி எடுத்த சர்க்கரையில்தான் கேக் செய்வாள். அது சில நாள் பஞ்சு போல வரும், சில நாள் செங்கல் போல வரும். ஊரார் கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

தங்கை லவீனியா வாழ்க்கைப்பட்டது அக்கரையில், அடிமைமுறை சட்டப்படி நடக்கும் கென்டக்கியில். கணவன் மார்க்கஸ் புகையிலை பயிரிடுபவன். அவன் வீட்டுச் சமையல்காரி டோர்க்கஸ், அவன் விலை கொடுத்து வாங்கிய அடிமை. தங்கையை விட மனமில்லாமல் மாதம் ஒருமுறை ஹல்டா படகேறிப் போய்வருவாள்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்தாம் வருஷ இலையுதிர் காலத்தில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கான்சாஸ் பேச்சு வந்தது. மேற்கே புதிதாகத் திறந்த அந்த நிலத்தில் அடிமை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று நாடே அடித்துக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணி, எங்க சர்க்கரை ஆகாது, எங்க பருத்தி ஆகாது. சரி, நீங்க தினம் படிக்கிற பைபிள் எதுல அச்சடிச்சது? காகிதம் பருத்திக் கந்தல்ல செய்றதாச்சே!" என்றான் மார்க்கஸ்.

ஹல்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "இதை நான் யோசிக்கவே இல்லை மார்க்கஸ்" என்றாள். மேசையே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

பாதி சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். டோர்க்கஸ் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"அம்மான்னு கூப்பிடாதே. எங்க சபையில பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்."

"இந்த வீட்டுல உங்க பேரைச் சொன்னா என் தோலை உரிச்சுடுவாங்க." டோர்க்கஸ் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சர்க்கரையை விட்டதுல எனக்கு ஒண்ணும் ஆகலை. தப்பி ஓடுறவங்களுக்கு உதவ உங்க ஊருக்கு வடக்கே யார் இருக்கா, அதைச் சொல்லுங்க. பக்கத்துப் பண்ணையில இருந்த எம் புருஷன் ஐசம் நாலு வருஷம் முன்னாடி கனடாவுக்குத் தப்பிப் போயிட்டான்."

ஹல்டா சொன்னாள். யார் வீடு, எத்தனை மைல், எந்தப் பாதை என்று எல்லாம் சொன்னாள். டோர்க்கஸ் ஒருமுறைதான் கேட்டாள்; மறுபடி கேட்கவில்லை.

அந்த ஜனவரியில் ஆறு உறைந்தது. இரு கரைச் சனங்களும் பனிக்கட்டி மேல் திருவிழா போல நடமாடினார்கள். பட்டப்பகலில், கையில் கூடையோடு, கடைக்குப் போகிறவள் போல டோர்க்கஸ் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்துவிட்டாள். ஹல்டா சூடாகச் சூப் கொடுத்து, தன் பூட்ஸைக் கழற்றி அவள் காலில் போட்டுவிட்டு, தானியம் ஏற்றிப்போகும் பனிவண்டியில் அனுப்பினாள்.

மறுநாள் மார்க்கஸ் மார்ஷல் என்கிற அரசுக் காவல் அதிகாரியோடு வந்து நின்றான்.

"டோர்க்கஸ் இங்க வந்தாளா?"

ஹல்டாவுக்குப் பொய் வராது. "வந்தா. சாப்பிட்டா. போயிட்டா."

"எங்கே?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"அண்ணி, ஓடிப்போற அடிமைக்கு உதவினா தண்டிக்கச் சட்டம் இருக்கு. உள்ளே தள்ளிடுவாங்க!"

"தள்ளட்டும். உனக்குப் பசிக்குதா? முகமெல்லாம் வாடிக் கிடக்கு."

அவன் குதிரை ஏறினான். வழக்கு நடந்தது. மார்ஷலிடம் சொன்னதையே நீதிமன்றத்திலும் சொன்னாள். ஒரு மாதம் சிறை.

இரண்டாம் வாரம் லவீனியா வந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டார் அக்கா."

"அப்ப எப்படி வந்தே?"

"பல்வலி, வைத்தியரைப் பார்க்கப்போறேன்னு சொன்னேன். அதோட, இது உன் வாசப்படி இல்லையே!"

ஹல்டா சிரித்துவிட்டாள்.

"உன் மேல எனக்குக் கோபம்தான்" என்றாள் லவீனியா. "இப்ப நான்தான் சமைக்கிறேன். அவர் பாதியா இளைச்சுட்டார்." கையுறையைக் கழற்றிவிட்டு, "போய்ச் சேர்ந்துட்டாளா?" என்று கேட்டாள்.

"இன்னும் தகவல் இல்லை."

"பன்னிரண்டு வருஷம் என்னோட இருந்தா. அவளுக்குப் புருஷன் ஒருத்தன் இருக்கான்னுகூட நான் கேட்டதில்லை அக்கா."

ஹல்டா கம்பிக்குள் கையை நுழைத்துத் தங்கையின் விரலைப் பிடித்துக்கொண்டாள். சிறைக்காவலர் நேரமாயிற்று என்று சொல்லும்வரை விடவில்லை.

விடுதலையாகிக் கடை திறந்த வாரம் கனடாவிலிருந்து கடிதம் வந்தது. யாரோ பள்ளிக்கூடத்து ஆசிரியர் எழுதிக்கொடுத்தது. "ஐசம் கிடைத்தான். தாடி நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியாதது போல நடித்தான், பிறகு அழுதான். ஹல்டா, உன் பூட்ஸ் எனக்குக் கொஞ்சம் பெரிசு."

ஹல்டா அந்தக் கடிதத்தைத் தன் கையால் பிரதி எடுத்து, யார் கையில் சிக்கினாலும் தெரியாதபடி பெயர்களை விட்டுவிட்டு, அக்கரையில் லவீனியாவுக்கு அனுப்பினாள்.