தலைகீழாக ஒரு செபம்

நோர்வேக் கடலில் சமையல் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்றதும் என் கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஜெர்மனியில், கொலோன் நகரத்து முதியோர் இல்லமொன்றின் குசினியில் பதினெட்டு வருடம் உருளைக்கிழங்கு மசித்தவள் நான். நீச்சல்கூட நாற்பத்தாறு வயதில்தான், நகரசபைத் தடாகத்தில், சின்னப் பிள்ளைகளோடு நின்று பழகினேன்.

“இஞ்சேரும், நோர்வேக்காரர் ஆத்துத் தண்ணியிலையே கரண்ட் எடுக்கிற ஆக்கள். பிறகேன் கடலுக்கை காத்தாடி?”

“மழை பெய்யாட்டி அணையிலை தண்ணி எங்கை? காரெல்லாம் இப்ப கரண்டிலைதானே ஓடுது. அவங்களுக்கும் கரண்ட் காணாதாம்” என்றேன்.

கடலில் காற்றாலை நாட்டுகிறவர்கள் தங்கும் கப்பலில் வேலை. இரண்டு கிழமை கடல், இரண்டு கிழமை வீடு.

“பதினாலு நாளோ? ஏலாது!” என்றார். பாவம், மனுசனுக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது. எனக்கோ ஆசை தலைக்கேறிவிட்டது. பிள்ளைகளுக்காகவும் இல்லை, விசாவுக்காகவும் இல்லை, எனக்கே எனக்கென்று நான் விரும்பிய முதல் வேலை அது.

கப்பலுக்கு ஹெலிகொப்டரில்தான் போகவேண்டும். அது கடலில் விழுந்தால் தப்பத் தெரியும் என்ற சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை இல்லை. பயிற்சிக்கு வடக்கே ஒரு துறைமுக நகரத்துக்குப் போனேன். ஹெலிகொப்டர் கூடொன்றுக்குள் நாலைந்து பேராக ஆசனப் பட்டி மாட்டி இருத்தி, தடாகத்துக்குள் இறக்கி, தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். கூடு ஆடாமல் நின்றதும் ஏழு எண்ணிவிட்டு, யன்னலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரவேண்டும்.

எண்ணுகிற வேலை எனக்குச் சரிவராது. குசினியில் எனக்கு மணிக்கூடே செபம்தான். அரை அவியல் முட்டையென்றால் செபமாலையில் ஒரு பத்து மணி உருட்டினால் சரி. ஆனால் இவ்வளவு பெரிய ஆபத்துக்குச் சின்னச் செபம் மரியாதையாக இராது என்று, மூக்கில் தண்ணீர் ஏற ஏற, நீண்ட விசுவாசப் பிரமாணத்தையே தொடங்கிவிட்டேன். மற்றவர்கள் பாய்ந்து வெளியேறிவிட்டார்கள். செபத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் எழும்புவேனா? அதன் நடுவில் வருகிற போஞ்சு பிலாத்துவிடம் வந்துசேரும்போது, தண்ணீருக்குள் காவலுக்கு நின்ற சுழியோடி ஒருவன் என் பட்டியை அவிழ்த்து என்னை மேலே இழுத்துக்கொண்டு போனான்.

பயிற்சி தந்த ஜெர்மன்காரிக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. மயங்கிவிட்டாயா என்று கேட்டாள். இல்லை, செபித்துக்கொண்டிருந்தேன், இன்னும் முடியவில்லை என்றேன். தடாகமே சிரித்தது. எனக்கும் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. பிறகு அவள், இன்னும் ஒரு தடவைதான், அதிலும் தவறினால் வீட்டுக்குப் போகலாம் என்றாள். விக்கல் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த தடவை கவிழ்ந்ததும் ‘அருள் நிறைந்த மரியே’ என்ற சின்னச் செபத்தைப் பிடித்துக்கொண்டேன். கடவுளே, நெஞ்சு அடித்த அடி! பாதி வந்ததும் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு, யன்னலை ஒரே தள்ளு. வெளிச்சம் தெரிந்தது, தலை வெளியே வந்தது. மீதிச் செபத்தைத் தண்ணீரில் மிதந்தபடி உரத்துக் கத்தி முடித்தேன். தன்னைத்தான் ஏசுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, பயிற்சி தந்தவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

ஈரத்தலையோடு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“பாஸ்! இஞ்சருங்கோ, நான் பாஸ்! அடுத்த மாதம் போறன்!”

ஏசப்போகிறார் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

“இஞ்சேரும்,” என்றார் மெதுவாக. “அந்தக் கப்பலிலை கோப்பை கழுவ ஆள் எடுக்கினமோ?”