காலை நீட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்

"லீவு முடிஞ்சா நீயா வந்து நிக்கணும். முடியலையா, ரிசைன் லெட்டர் குடுத்துட்டு வூட்ல படு" என்றார் சூப்பர்வைசர். எனக்கு இடுப்பு வலியைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் நான் தச்சன். ஏற்றுமதியாகும் மெஷின்களுக்கு மரப்பெட்டி அடிப்போம். முதுகில் டிஸ்க் விலகி ஆபரேஷன் ஆனது. டேபிள் முன்னால் நின்று வேலை செய்யலாம், ஆனால் சைக்கிள் சீட்டில் குனிந்து உட்காரக் கூடாது, பைக், ஷேர் ஆட்டோ குலுக்கலும் ஆகாது என்றார் டாக்டர். எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது, கம்பெனி நடந்து போகிற தூரத்திலும் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் சூப்பர்வைசர் அப்படிப் பேசினார். நான் லெட்டர் எழுதவில்லை.

சாய்ந்துகொண்டு, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிளை மாமல்லபுரத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சரி, நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினேன். அங்கே வாடகை சைக்கிள் கடையில் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தவற்றிலிருந்து சக்கரம், ஃபோர்க், பெடல் செட் எடுத்தேன். பெடல் முன்னால் போனதால் ஒரு செயின் எட்டவில்லை. மூன்றை இணைத்தேன். அது மரச்சட்டத்தில் உரசாமல் உருண்டு போக, நடுவில் ஒரு ரோலிங் ஷட்டர் பேரிங். சட்டத்துக்கு உடைந்த பெட்டிகளின் பைன் மரம். குலுக்கல் முதுகுக்கு ஏறாமலிருக்க, சீட்டை என் மனைவி வசந்தா நாற்காலி ஒயரில் பின்னினாள்.

முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே வண்டி இரண்டாகப் பிரிந்தது. நல்லவேளை, தரை பக்கத்திலேயே இருந்தது. பெட்டிக்காரன் புத்தி! போய்ச் சேர்ந்த இடத்தில் சுலபமாகப் பிரிக்க வேண்டும் என்றுதான் நாங்கள் ஆணி அடிப்போம். வண்டிக்கும் அப்படியே அடித்திருக்கிறேன். எல்லா ஆணியையும் பிடுங்கி, பசை போட்டு, இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கினேன்.

மறுபடி தெருவில் ஓட்டியபோது எதிர்வீட்டு அம்மா கத்தினார்: "இன்னாய்யா இது, பாடையாட்டம் கீது! காலை நீட்டிக்கினு எங்க வூட்டாண்ட வராத!"

வசந்தா விடுவாளா? "பாடைல போறவன் எங்கயாச்சும் பெடல் போடுவானாக்கா?" என்றாள். தெருவே சிரித்தது. எனக்கும் அப்போதுதான் தைரியம் வந்தது.

லீவு முடிந்த மறுநாள் காலை பின்னால் ஒரு சிவப்புக் கொடியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பைக்கில் போனவர்கள் போனில் வீடியோ எடுத்தார்கள். எடுத்துக்கொள்ளட்டும். ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்குப் போய்விட்டேன். சூப்பர்வைசர் அங்கேயே நின்றிருந்தார்.

"இன்னாய்யா, படுத்துக்கினு வேலைக்கு வர்றியா?"

"படுத்துக்கினுதான் சார் வர்றேன். வேலைய நின்னுக்கினு செய்வேன். வழி வுடுங்க, கார்டு பஞ்ச் பண்ணணும்."

வழி விட்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அந்த வண்டியில்தான் போனேன். அவர் ரிசைன் லெட்டர் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உன்னால் முடியாது என்று யாராவது சொன்னால், எது முடியாது என்று திருப்பிக் கேளுங்கள். என்னால் முடியாமல் போனது சைக்கிள் சீட்டில் உட்காருவது மட்டும்தான். அதற்குப் போய் வேலையை ஏன் விட வேண்டும்?